முந்தி வந்த செய்தி: பிரேம்சந்த் ராய்சந்தும் 1865ஆம் ஆண்டும்

1865ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு நிகழ்ச்சிகள் உலகின் இரு மூலைகளில் நடந்தன. அமெரிக்காவில் ரிச்சர்ட் மில்லர் டெவன்ஸ் என்பவர் வணிகர்களைப் பற்றிய சுவையான செய்திகளையெல்லாம் தொகுத்துப் பெருநூலொன்றை வெளியிட்டார். இன்று பெருநிறுவனங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் 'பிசினஸ் இண்டெலிஜென்ஸ்' என்னும் தொடர் முதன்முதலாக அச்சேறியது அந்நூலில்தான் என்பர். தமிழில் அதனை 'வணிக நுண்ணறிவு' என்று வழங்குகிறோம். அதே ஆண்டு ஜூலை முதல் நாளில் பம்பாய் நகரம் நொடித்தது. நொடித்தவர்களுள் முதன்மையானவர், சந்தைச் செய்தியை எல்லோரினும் முந்திப் பெறுவதில் நிகரற்றவர் எனப் பெயரெடுத்திருந்த ஒரு ஜைன வணிகர். அவரே பிரேம்சந்த் ராய்சந்த்.

டெவன்ஸ் அத்தொடரைப் பயன்படுத்தியது சர் ஹென்றி பர்னீஸ் என்ற லண்டன் வங்கியாளரைப் பற்றி எழுதுகையில். மூன்றாம் வில்லியம் மன்னர் பிரான்சோடு போரிட்ட காலத்தில், ஹாலந்து, பிளாண்டர்ஸ், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளிலெல்லாம் பர்னீசுக்குச் செய்தியாளர்கள் இருந்தனர். நாமூர்க் கோட்டை வீழ்ந்த செய்தி பிறருக்கு எட்டும் முன்பே அவருக்கு எட்டியது. அது அவருக்குப் பெரும் ஆதாயமாயிற்று. ஆங்கிலத்தில் அக்காலத்தில் 'இண்டெலிஜென்ஸ்' என்ற சொல்லுக்கு அறிவு என்பதைவிட, செய்தி, உளவு என்ற பொருளே முன்னின்றது. திருக்குறள் அரசனுக்கு ஒற்றாடல் என ஓர் அதிகாரத்தை வகுத்திருப்பதை நாம் அறிவோம். அரசன் செய்ததை வணிகனும் செய்தான், அவ்வளவே. ஆனால் பர்னீசைப் பற்றி லண்டனில் வழங்கிய கதைகள் வேறொன்றையும் சொல்கின்றன. பங்குகளை மலிவாக வாங்க விரும்பிய நாள்களில், தோல்விச் செய்தி வந்ததுபோல் முகம் வாடிச் சந்தையில் நடமாடும்படி அவர் தம் ஆள்களை ஏவுவாராம். பொய்யாமையை அணுவிரதமாகக் கொண்ட சிராவகர்க்கு இப்பகுதி உவப்பாகாது.

நம் நாட்டில் இக்கலை அதனினும் முந்தியது. பதினேழாம் நூற்றாண்டில் சூரத்தில் வாழ்ந்த வீர்ஜி வோரா என்ற ஜைனப் பெருவணிகருக்கு ஆக்ரா, புர்ஹான்பூர், கோல்கொண்டா, கள்ளிக்கோட்டை எனப் பல ஊர்களில் முகவர்கள் இருந்தனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1625இல் சூரத்தில் மிளகு வாங்க வந்தபோது, இருந்த சரக்கை அவர் முன்னரே வாங்கி முடித்திருந்தார். அவரைத் தவிர்த்து நேரே தக்காணத்தில் வாங்கலாமெனக் கம்பெனியார் ஆள் அனுப்பினர். அச்செய்தி அறிந்த வீர்ஜி வோரா அங்கிருந்த தம் முகவருக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குமாறு எழுதிவிட்டார். கம்பெனியார் கடிதங்களில் அவர்மேல் வெளிப்படும் எரிச்சலே அவரது திறமைக்குச் சான்றாகும். எனினும் 1664 ஜனவரியில் சிவாஜியின் படை சூரத்தை நெருங்குகிறது என்ற செய்தி, படை வருவதற்கு முந்தைய நாள்தான் நகருக்கு எட்டியது. வீர்ஜி வோராவின் மாளிகையும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. தொலைதூர ஊரின் மிளகு விலையை அறிந்தவருக்கு, அடுத்த ஊரில் நிற்கும் படையை அறிய வழியில்லாமற் போயிற்று. எதனைப் பற்றிக் கேட்க வேண்டுமென முகவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாரோ, அதனைப் பற்றிய செய்தி மட்டுமே அவருக்கு வந்தது.

அதே சூரத்தில் 1831ஆம் ஆண்டு, ஓசுவால் ஜைனக் குடும்பமொன்றில் பிரேம்சந்த் ராய்சந்த் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் பயின்ற அவர், பதினெட்டு வயதளவில் பங்குத் தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பம்பாய்த் தரகர்களுள் ஆங்கிலம் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்த முதல் இந்தியர் இவரே என்பர். இச்செய்தியைச் சிறிதென எண்ணிக் கடந்துவிடக் கூடாது. ஐரோப்பிய வணிக இல்லங்களின் கடிதங்களும், லிவர்பூலிலிருந்து வரும் விலைப்பட்டியல்களும், கப்பல் வருகை அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. பருத்தி விளையும் ஊர்களின் பேச்சோ குஜராத்தியிலும் மராத்தியிலும் இருந்தது. இவ்விரு பக்கத்தையும் இடையில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லாமல் தாமே படித்தறிந்தவர் அவர்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து சென்றுகொண்டிருந்தது. வடமாநிலக் கடற்படை தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் அவ்வரத்து நின்றது. இழை குட்டை, அழுக்கு மிகுதி எனத் தள்ளப்பட்டிருந்த இந்தியப் பருத்திக்குத் திடீரெனத் தேவை பிறந்தது. புரோச், தோலேரா, ஹிங்கன்காட் என்ற ஊர்ப்பெயர்களெல்லாம் லிவர்பூல் தரகர்களின் நாவில் புரண்டன. தூத்துக்குடித் துறைவழிச் சென்ற நம் திருநெல்வேலிப் பருத்திக்கும் அப்பட்டியலில் ஓர் இடம் இருந்தது. விலை மூன்றாண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மெத்தைகளைக் கிழித்துப் பஞ்சை எடுத்து விற்றார்கள் என்று பம்பாயில் சொல்வதுண்டு. போர் நடந்த ஆண்டுகளில் வழக்கமான வருவாய்க்கு மேல் பம்பாய்க்கு வந்து குவிந்த செல்வம் 7 கோடி பவுனுக்கும் அதிகம் என மதிப்பிடுவர்.

இக்காலத்தில் பிரேம்சந்த் செய்தி திரட்டிய முறையே அவர் புகழுக்கு அடிப்படை. ஐரோப்பிய அஞ்சல் அக்காலத்தில் மத்தியதரைக் கடல் கடந்து அலெக்சாந்திரியாவில் இறங்கி, இரயிலில் சூயஸ் சென்று, அங்கிருந்து மீண்டும் கப்பலேறிப் பம்பாய் வந்து சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கப்பல் துறையை அடைந்து, அஞ்சற்பைகள் இறக்கப்பட்டு, பிரித்து வழங்கப்படுவதற்குள் மேலும் பல மணி நேரம் கழியும். பிரேம்சந்தின் ஆள்கள் அதுவரை காத்திருப்பதில்லை. சிறு படகுகளில் கடலுக்குள் சென்று, வரும் கப்பலை எதிர்கொண்டு, லிவர்பூல் விலையைக் கேட்டறிந்து கரை திரும்பிவிடுவார்கள் என்பது பம்பாயில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மற்ற வணிகர் கடிதத்தைப் பிரிக்கும் வேளையில் அவர் வாங்கவேண்டியதை வாங்கி முடித்திருப்பார். மறுபுறம், மழை எப்படி, விளைச்சல் எவ்வளவு, எந்த ஊரில் எத்தனை பொதி காத்திருக்கிறது என்பதை உள்நாட்டிலிருந்து அறிந்துவந்தார். தேவையின் நிலையையும் வரத்தின் நிலையையும் ஒருசேர அறிந்தவனே விலையைத் துணிந்து சொல்ல முடியும். இன்று ஒரு பெரிய துணிக்கடை நிறுவனம், எந்தக் கிளையில் எந்தச் சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது என்பதை இரவோடிரவாகக் கணினியில் தொகுத்து, மறுநாள் காலை மேலாளரின் திரையில் வண்ணப் படமாகக் காட்டுகிறது. படகு போய்த் திரை வந்திருக்கிறது. கேட்கும் கேள்வி அதுவேதான்.

பருத்தி வணிகத்தில் பிரேம்சந்த் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் சரியானவையாகவே இருந்தன. வீழ்ச்சி பருத்தியினால் தொடங்கிற்று என்றாலும், அவரை வீழ்த்தியது பருத்தியன்று. குவிந்த பணம் தேடிக்கொண்ட வேறு வழிகள்.

1865 ஜனவரியில் பம்பாயில் 31 வங்கிகளும், 16 நிதிச் சங்கங்களும், 8 நிலக் கம்பெனிகளும் இருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் இவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரைக் கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கெனத் தொடங்கப்பட்ட பேக் பே கம்பெனியின் பங்கு, 5,000 ரூபாய் செலுத்தப்பட்டது, 50,000 ரூபாய்க்கு விலைபோயிற்று. கடலில் ஒரு கூடை மண் விழுமுன்பே இந்த விலை. அக்கம்பெனியையும் இன்னும் பலவற்றையும் முன்னின்று தொடங்கியவர் பிரேம்சந்த். ஒரு புதிய கம்பெனியில் அவர் பெயர் இருக்கிறது என்ற ஒன்றே போதும், மக்கள் பங்குக்கு முண்டியடித்தார்கள். இவ்வாறு, செய்தியைத் தேடிச் சென்ற மனிதரே மற்றவர்களுக்குச் செய்தியாகிவிட்டார். அவர் வாங்குகிறார் என்பதனால் பிறர் வாங்கினர். பிறர் வாங்குவதால் விலை ஏறிற்று. விலை ஏறுவதைக் கண்டு அவரும் தம் கணிப்பு சரியென நம்பினார். இந்த வட்டத்துக்குள் வெளியிலிருந்து ஒரு புதுச் செய்தியும் நுழையவில்லை.

இவ்வட்டத்துக்கு எண்ணெய் ஊற்றியது பம்பாய் வங்கி. 1840இல் அரசின் பங்குடன் தோன்றிய மாகாண வங்கி அது. முன்பு அது எவ்வகை ஈட்டின்பேரில் கடன் தரலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்புகள் இருந்தன. 1863ஆம் ஆண்டின் பத்தாம் சட்டம் அவ்வரம்புகளைத் தளர்த்தி, கம்பெனிப் பங்குகளின்பேரிலும் கடன் தரலாம் என்றது. அதன்பின் நடந்தது எளிது. ஒருவர் வங்கியில் கடன் பெற்றுப் பங்கு வாங்குவார். அப்பங்கையே ஈடாக வைத்து மேலும் கடன் பெறுவார். பங்கின் விலை ஏறியிருப்பதால் ஈடு போதுமானதென வங்கி எண்ணும். பங்கின் விலை ஏறியிருப்பதோ வங்கி கடன் கொடுப்பதால். பிரேம்சந்த் அவ்வங்கியின் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தார். அவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு போதும், வங்கியில் கடன் கிடைக்கும் என்ற நிலை வந்ததாகச் சொல்வர்.

இங்கே வங்கியின் அறியாமை எத்தகையது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு கடனும் பேரேட்டில் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. கடன் வாங்கியவர் பெயர், தொகை, ஈடு, நாள் எதுவும் விடுபடவில்லை. ஆனால் ஒருவர் தம் பெயரில் எவ்வளவு, தம் கூட்டாளிகளின் பெயரில் எவ்வளவு, பிணை நின்றதில் எவ்வளவு, மற்ற வங்கிகளில் எவ்வளவு என ஒரே தாளில் கூட்டிப் பார்த்தவர் யாருமில்லை. எல்லா ஈடுகளும் ஒரே விலையை நம்பி நிற்கின்றன, அவ்விலை சரிந்தால் எல்லாம் ஒரே நாளில் சரியும் என்பது எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் மட்டுமே அது தெரியும்.

போர் ஒருநாள் முடியும் என்பது பம்பாயில் அனைவருக்கும் தெரியும். 1864ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே சமாதான வதந்திகள் எழுந்து பருத்தி விலையை அசைத்தன. அவ்வாண்டில் பாரசீக வளைகுடாவின் அடியில் தந்திக் கம்பி போடப்பட்டு, 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கும் கராச்சிக்கும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. தந்திகள் பிழைபட்டும் தாமதித்தும் வந்தன என்றாலும், கப்பலை எதிர்கொண்ட படகுகளின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. ஒருவருக்கு மட்டும் முந்தி வரும் செய்தியால் ஆதாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் செய்தி எல்லோரையும் ஒரே வாசலை நோக்கி ஓடவே செய்யும். 1865 ஏப்ரல் 9 அன்று தென்மாநிலத் தளபதி லீ சரணடைந்தார். அச்செய்தி உறுதியானதும் பருத்தி விழுந்தது. மே மாதத்தில் பெரிய வணிக இல்லங்கள் கைவிரிக்கத் தொடங்கின. தவணை வாணிபம் செய்திருந்தோர் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் ஜூலை 1. அன்று வாங்குவதாக ஒப்பியவரிடம் பணமில்லை, விற்பதாக ஒப்பியவருக்கு அதைப் பெறவும் வழியில்லை. 50,000 ரூபாய்க்கு விற்ற பேக் பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2,850 ரூபாய்வரை ஏறியிருந்த பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. முதலில் பெரும்பகுதியை இழந்த அவ்வங்கி 1868இல் மூடப்பட்டது. நகரத்தின் மக்கள்தொகை 1864ஆம் ஆண்டுக் கணக்கில் 8,16,562. 1872ஆம் ஆண்டுக் கணக்கில் 6,44,405. பிழைக்க வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். இவர்களுள் பெரும்பாலோர் ஒரு பங்குச் சீட்டையும் கண்ணால் கண்டிராதவர்கள். சரிவின் கணக்கை எழுதுவோர் விலைகளை எழுதுகின்ற அளவுக்கு இவர்களை எழுதுவதில்லை.

அரசு சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் விசாரணைக் குழுவை அமர்த்தியது. பங்கின்பேரில் கடன் தர இடமளித்த சட்டம், அவ்வதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயலாளர்கள், அவர்களுக்கு வரம்பு விதித்துக் கண்காணிக்கத் தவறிய இயக்குநர்கள், காலத்தின் அசாதாரணத் தன்மை எனக் குழு காரணங்களை அடுக்கிற்று. செய்தி தாமதித்து வந்தது என்பது அவற்றுள் ஒன்றாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வரம்பு என்ற சொல் நம்மவர்க்குப் புதிதன்று. அருங்கலச்செப்பு முதலிய தமிழ்ச் சமண நூல்கள் இல்லறத்தார்க்கு வகுத்துரைக்கும் விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. அது துறவியின் முற்றத் துறத்தல் அன்று. மனை, நிலம், தானியம், பொன் ஆகியவற்றில் 'எனக்கு இவ்வளவே' என இல்லறத்தான் தானே அளவிட்டுக் கொள்வது. திக்விரதமோ எத்திசையில் எவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என்ற எல்லை. இவ்விரதங்களை ஆன்ம நலத்திற்கென்றே ஆசாரியர்கள் வகுத்தனர்; பங்குச் சந்தைக்காக அல்ல. ஆயினும் ஓர் ஒற்றுமை கருதத் தக்கது. இவ்வெல்லைகள் ஆசை எழுவதற்கு முன்பே, அமைதியான பொழுதில், எண்ணிட்டுக் குறிக்கப்படுகின்றன. இன்றைய நிதி நிறுவனங்களும், ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் கடன் இல்லை, ஒரு துறையில் இவ்வளவுக்கு மேல் முதலீடு இல்லை எனச் செய்தி வருமுன்பே எல்லை கட்டுகின்றன. விலை ஏறும்போது எல்லையைக் குறிக்க உட்காருபவன் அதனை உயர்த்தவே செய்வான். பிரேம்சந்தின் தனி வாழ்வு எளிமையானது, கொடையோ மிகப் பெரியது. பேராசைக்காரர் என்று அவரைச் சுருக்கிவிடுவது நேர்மையாகாது. அவருடைய வணிகத்துக்குத்தான் எல்லையில்லாமற் போயிற்று.

'வணிக நுண்ணறிவு' என்ற தொடர் டெவன்ஸ் நூலோடு உறங்கிக் கிடந்தது. 1958இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் அதனை மீண்டும் எடுத்தாண்டு, ஆவணங்களைப் பொறியே படித்து, சுருக்கி, முடிவெடுப்பவர் எவரோ அவரிடம் கொண்டுசேர்க்கும் ஓர் அமைப்பை வரைந்து காட்டினார். அவர் கருத்தில் நுண்ணறிவு என்பது செய்திகளைப் பெறுவதன்று. பெற்ற செய்திகளுக்கிடையே உள்ள உறவை, குறிக்கோளை நோக்கிச் செயல்படத் துணைசெய்யும் வகையில் உணர்வது. 1989இல் ஹோவர்ட் டிரெஸ்னர் இத்தொடரைப் பரவலாக்கிய பின், கணினி நிறுவனங்கள் இதனை ஒரு பெரும் தொழிலாகவே வளர்த்துவிட்டன. ஆயினும் பம்பாய் வங்கி கேட்கத் தவறிய கேள்விக்கு நம் நாட்டில் விடை வரத் தாமதமாயிற்று. 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் கடன்பட்டவர் ஒவ்வொருவரும் எந்தெந்த வங்கிக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை ஓரிடத்தில் தொகுக்கும் களஞ்சியத்தை ரிசர்வ் வங்கி 2014இல்தான் செயற்படுத்தியது. ஒரு தனிக் கடனாளிக்கு வங்கியின் முதன்மை மூலதனத்தில் 20 விழுக்காடும், ஒரே குழுமத்துக்கு 25 விழுக்காடும் பொது எல்லை என்ற நெறி 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 1868இல் மீண்டும் புதிதாகத் தொடங்கிய பம்பாய் வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியிலும், அது 1955இல் பாரத ஸ்டேட் வங்கியிலும் கலந்துவிட்டது.

பிரேம்சந்த் ஓடி ஒளியவில்லை. பம்பாயிலேயே இருந்து, மீண்டும் தரகராக உழைத்துப் படிப்படியாக எழுந்தார். 1875இல் பம்பாய்த் தரகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டபோது அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். அதுவே பிற்காலத்துப் பம்பாய்ப் பங்குச் சந்தை. 1906இல் மறைந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 1866இல் அளித்த 2 இலட்ச ரூபாயிலிருந்து ஏற்பட்ட ஆய்வுதவி, தலைமுறை தலைமுறையாக அறிஞர்களை உருவாக்கியது.

சரிவுக்கு முன்னர், 1864 ஆகஸ்டில், பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கென 2 இலட்ச ரூபாயும், அவ்வாண்டு அக்டோபரில் மணிக்கூண்டுக்கென மேலும் 2 இலட்ச ரூபாயும் அவர் அளித்திருந்தார். மணிக்கூண்டுக்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை இடவேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டுக்கொண்டது. சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்து கொடுத்த அக்கட்டடத்தின் பணி 1869 மார்ச் முதல் நாள் தொடங்கி 1878 நவம்பரில் நிறைவுற்றது. உயரம் 280 அடி. அக்காலப் பம்பாயில் கடலிலிருந்து வருவோர் கண்ணில் முதலில் படுவனவற்றுள் ஒன்று. ராஜாபாய் கண்பார்வை இழந்தவர் என்றும், ஜைன நெறிப்படி பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இரவுண்ணா நோன்பினர் என்றும், எவரையும் கேளாமல் மாலைப் பொழுதை அவர் தாமே அறியவேண்டி மகன் அம்மணியை அமைத்தார் என்றும் பம்பாய் ஜைனர்கள் இன்றும் சொல்வர்.